ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்

2024 ஆடிப்பெருக்கு முடிஞ்ச மூணாவது நாள் ராத்திரி பாப்பாவுக்கு வாந்தி ஆரம்பிச்சுது. அப்ப அவளுக்கு ஒரு வயசு எட்டு மாசம். தூங்கறதுக்கு முன்னாடி குடிச்ச பால் அப்படியே வெளிய வந்துச்சு, சரி எதுக்களிச்சிருக்கும்னு துடைச்சு விட்டு படுக்க வெச்சா அரை மணி நேரத்துல மறுபடி, விடியறதுக்குள்ள ஆறு தடவ. காலையில லூஸ் மோஷனும் சேந்துக்கிச்சு. தண்ணியாட்டம் பீச்சிக்கிட்டு போகுது, போர்வையெல்லாம் நனைஞ்சு போச்சு. எங்க அத்தை (மாமியார், லால்குடி பக்கம் கிராமம்) ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க, "வயித்தக் காயப்போடும்மா, ஒன்னும் குடுக்காத, லங்கணம் பரம ஔஷதம்". எனக்கு அது தப்புன்னு தோணுச்சு, ஆனா எது சரின்னு தெரியல. அவரு ஓடிப்போய் மெடிக்கல்ல ஓ.ஆர்.எஸ் (வயித்துப்போக்குக்குக் குடுக்கற உப்பு சர்க்கரைக் கரைசல்) வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. ஆரஞ்சு ஃப்ளேவர், ஸ்ட்ரா ஒட்டின அட்டை டப்பா.

அந்த டப்பாவுல ஓ.ஆர்.எஸ்னு பெருசா போட்டிருந்துச்சு. பாப்பாவும் ஆசையா குடிச்சா. இனிப்பா இருந்தா எந்தக் குழந்தைதான் குடிக்காது? அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு டப்பா காலி, மோஷன் குறையறதுக்குப் பதிலா இன்னும் ஜாஸ்தியா போச்சு. சாயங்காலம் அழுதா, கண்ணுல தண்ணியே வரல. அதப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. தூக்கிக்கிட்டு பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அங்க இருந்த சிஸ்டர் ஒருத்தங்க எனக்கு அன்னிக்கு சொல்லிக் குடுத்ததுதான் இந்தப் பதிவு முழுக்க. அதுக்கு மேல நானா தேடிப் படிச்சதும், அதுக்கப்புறம் பாப்பாவுக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சல் சளியிலயும் கத்துக்கிட்டதும் சேத்து எழுதறேன். சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்க யாராவது ராத்திரி ரெண்டு மணிக்கு போனும் கையுமா தேடிக்கிட்டு இருந்தா உதவட்டும்.

சிஸ்டர் முதல்ல அந்த டப்பாவ வாங்கித் திருப்பிக் காட்டினாங்க. பின்னாடி பொடி எழுத்துல 200 மில்லிக்கு 20 கிராமுக்கு மேல சர்க்கரைன்னு இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓ.ஆர்.எஸ்ல ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அப்ப 200 மில்லிக்கு 2.7 கிராம். எத்தன மடங்கு வித்தியாசம் பாருங்க. சர்க்கரை ஜாஸ்தியானா என்ன ஆகும்னா, குடலுக்குள்ள இருக்கற அந்த அடர்த்தியான இனிப்புத் தண்ணி உடம்புல இருந்து இன்னும் தண்ணிய உள்ள இழுத்துக்கும், அதுவும் மோஷனா வெளிய போகும். அதான் எங்க பாப்பாவுக்கு நடந்துச்சு. நல்லது பண்றோம்னு நெனச்சுக்கிட்டு நானே குடுத்திருக்கேன்னு அன்னிக்கு அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு.

இந்த மாதிரி டப்பாக்கள் மேல ஓ.ஆர்.எஸ்னு போடக்கூடாதுன்னு ஹைதராபாத்ல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தைங்க டாக்டர் எட்டு வருஷம் மாதிரி போராடினாங்க. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாப்படி இல்லாத எந்த பானத்துலயும் அந்தப் பேரு இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அந்தச் செய்திய படிச்ச அன்னிக்கு அந்தம்மாவ நெனச்சு மனசு நிறைஞ்சு போச்சு. ஆனா பேர எடுத்துட்டாலும் அதே டப்பா வேற பேருல கடையில இருக்கும், நாமதான் பார்த்து வாங்கணும். கேக்கும்போதே "டபிள்யூ.எச்.ஓ ஓ.ஆர்.எஸ் பவுடர் பாக்கெட்"னு கேளுங்க. பாக்கெட் பின்னாடி சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம்னு நாலும் இருக்கும், ஒரு லிட்டருக்கான கணக்கு அது. 2002ல இருந்து இதுதான் ஃபார்முலா. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே தர்றாங்க, அங்கன்வாடியிலயும் கேட்டுப் பாருங்க.

உப்பும் சர்க்கரையும் ஏன் சேத்தே இருக்கணும்னு சிஸ்டர் அழகா சொன்னாங்க. வயித்துப்போக்குல குடல் தண்ணிய உறிஞ்சற வேலைய சரியா செய்யாது, வெறும் தண்ணி குடுத்தா பாதி அப்படியே போயிடும். ஆனா குளுக்கோசும் சோடியமும் ஜோடியா போனா மட்டும் குடல் உள்ள விடும், அந்தக் கதவு நோய் இருக்கும்போதும் மூடாது, அதுங்க பின்னாடியே தண்ணியும் உள்ள போயிடும். அதனாலதான் ரெண்டுக்கும் அளவு முக்கியம். வெறும் குளுக்கோஸ் டப்பா பவுடர கலக்கிக் குடுக்கறதுல உப்பு இல்ல. இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால இடையில கொஞ்சம் குடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்க்குப் பதிலா அது மட்டும் போதாது.

இந்த ஓ.ஆர்.எஸ் கதைய படிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. 1971 பங்களாதேஷ் போர் சமயத்துல எல்லை தாண்டி வந்த அகதிகள் மத்தியில காலரா பரவுது, மேற்கு வங்கத்துல பன்காவ்ங்கற ஊர்ல டாக்டர் திலீப் மஹலனோபிஸ் இருக்காரு, ஏத்தறதுக்கு டிரிப்ஸ் பாட்டில் தீந்துபோச்சு. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் கலந்து தண்ணியில கரைச்சு, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே டம்ளர குடுத்து நீங்களே குடிக்க வைங்கன்னு சொல்லிட்டாரு. 30 சதவீதம் வரைக்கும் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. அவரு 2022ல இறந்தாரு, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க. டாக்டர் இல்ல நர்ஸ் இல்ல, பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவும் அக்காவும்தான் அந்த உயிர்களக் காப்பாத்தினாங்க. ஒரு டம்ளரும் பொறுமையும் இருந்தா போதும்னு அன்னிக்கே நிரூபிச்சிருக்காங்க.

சரி, எப்படிக் குடுக்கறதுங்கறதுக்கு வர்றேன். இதுலதான் நாம நிறைய பேரு தோத்துப்போறோம். குழந்தைக்கு தாகம், டம்ளர நீட்டினா மடக் மடக்னு குடிக்கும், அஞ்சு நிமிஷத்துல மொத்தத்தையும் வாந்தி எடுக்கும், "எதக் குடுத்தாலும் நிக்கலங்க டாக்டர்"னு நாம போய் நிப்போம். நானும் அதையேதான் சொன்னேன். சிஸ்டர் ஒரு டீஸ்பூன எடுத்து, அஞ்சு மில்லி, வாயில விட்டாங்க, சுவர் கடிகாரத்தப் பார்த்தாங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொன்னு, மறுபடி ரெண்டு நிமிஷம். "என்னம்மா இது, இந்தக் கொஞ்சத்துல என்ன ஆகும்"னு கேட்டேன். "கணக்குப் போட்டுப் பாரும்மா, ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஸ்பூன், 150 மில்லி, குழந்தை ஒரு சொட்டு வெளிய துப்பல"ன்னாங்க. உண்மையிலயே அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்து ஸ்பூன் ஸ்பூனா குடுத்தோம், நானும் அவரும் மாத்தி மாத்தி. நடுவுல ஒரு தடவ வாந்தி எடுத்தா. அப்ப பத்து நிமிஷம் சும்மா விட்டுட்டு மறுபடி ஆரம்பி, இன்னும் மெதுவான்னாங்க. வாந்தி எடுத்தாலும் உள்ள போனதுல ஒரு பங்கு தங்கத்தான் செய்யும், அதனால ஐயோ வீணாப்போச்சேன்னு நிறுத்திடாதீங்க.

அவளுக்கு வறட்சி (உடம்புல தண்ணி வத்திப்போறது) இருந்ததால நாலு மணி நேரத்துக்குள்ள கிலோவுக்கு 75 மில்லி உள்ள போகணும்னு கணக்கு. அன்னிக்கு எடை 9 கிலோ 700, அப்ப முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. இது ஆஸ்பத்திரியில அவங்க பார்வையில செய்ய வேண்டிய கணக்கு. வறட்சி இல்லாம சும்மா லூஸ் மோஷன் மட்டும் இருந்தா வீட்லயே, ஒவ்வொரு தடவ போனதுக்கு அப்புறமும் ரெண்டு வயசுக்குக் கீழன்னா 50ல இருந்து 100 மில்லி, ரெண்டு வயசுக்கு மேலன்னா 100ல இருந்து 200 மில்லி குடுக்கணும். 200 மில்லி பிடிக்கற எவர்சில்வர் டம்ளர்னா 50 மில்லி கால் டம்ளர், 100 மில்லி அரை டம்ளர். உங்க டம்ளர் எத்தன மில்லி பிடிக்கும்னு உடம்பு நல்லா இருக்கற நாள்லயே மருந்து மூடிய வெச்சு ஒரு தடவ அளந்து வெச்சுக்கோங்க.

ஸ்பூன வாய்க்கிட்ட கொண்டுபோனாலே மூஞ்சத் திருப்பிக்கிற குழந்தைக்கு ஊசி இல்லாத சிரிஞ்ச்ல கன்னத்தோட உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடலாம். எங்க வீட்ல பாலாடைதான் (குழந்தைக்குப் பால் புகட்டற மூக்கு வெச்ச சின்னக் கிண்ணம்) கைகுடுத்துச்சு. அத்தை பரண்ல இருந்து வெள்ளிப் பாலாடைய எடுத்துக் கழுவி, கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்துக் குடுத்தாங்க, அவரு குழந்தையா இருந்தப்ப பால் குடிச்சது. அத வெச்சுக் குடிக்கறது பாப்பாவுக்கு ஒரு விளையாட்டு மாதிரி ஆகிடுச்சு. ஆனா ஒன்னு, மல்லாக்கப் படுக்கப்போட்டு மூக்கப் புடிச்சு ஊத்தற பழக்கம் இன்னும் சில வீடுகள்ல இருக்கு, தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா பெரிய ஆபத்து. மடியில நிமித்தி உக்கார வெச்சுத்தான் குடுக்கணும். ஓ.ஆர்.எஸ் கரைசல ஐஸ் ட்ரேயில ஊத்தி வெச்சு, நல்லா தூளாக்கி ஸ்பூன்ல ஊட்டினாலும் பெரிய குழந்தைங்க சாப்பிடுதுங்க.

கலக்கறதுலயும் நாம தப்பு பண்றோம். ஒரு லிட்டர் பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கொட்டிக் கலக்கறவங்கள நான் பார்த்திருக்கேன். அப்படிப் பண்ணா உப்பு ரொம்ப ஜாஸ்தியாகி குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்ல பாதியக் கொட்டி பாதிய மடிச்சு வெக்கறதும் வேணாம், உள்ள இருக்கற உப்பும் குளுக்கோசும் ஒரே சீரா பிரியாது. 200 மில்லிக்கான குட்டி பாக்கெட் தனியா கிடைக்குது, சின்னக் குழந்தைக்கு அது வசதி. பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில அளவா வெச்சு, கொதிச்சு ஆறின தண்ணியில முழுசா கொட்டிக் கலக்கி மூடி வெச்சு, 24 மணி நேரத்துக்குள்ள முடியலன்னா கீழ ஊத்திடணும். பால்ல, ஜூஸ்ல கலக்கக் கூடாது, சர்க்கரை சேக்கக் கூடாது. ராத்திரியில பாக்கெட்டே இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு, விடியற வரைக்கும் தாங்கும். உப்ப கண்ணளவுல போடாதீங்க.

அன்னிக்கு சாயங்காலமே சிஸ்டர் ஜிங்க் மாத்திரையும் குடுத்தாங்க. ஆறு மாசத்துக்கு மேலன்னா ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். ஸ்பூன்ல கொஞ்சம் தண்ணியில போட்டா கரைஞ்சிடும், ஒரு மாதிரி உலோக வாசனை அடிக்கும். மோஷன் நின்னுபோச்சேன்னு நாலாவது நாளே நிறுத்தற வீடுதான் ஜாஸ்தின்னு சொன்னாங்க. முழுசா குடுத்தா குடல் சீக்கிரம் ஆறும், அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி வர்றதும் குறையும். மோஷன நிறுத்தற மாத்திரை, பெரியவங்க பஸ்ல போகும்போது போட்டுக்கறது, அத குழந்தைக்கு உடைச்சுக் குடுக்கவே கூடாது.

சாப்பாட்டு விஷயம்தான் வீட்ல பெரிய பிரச்சினையா இருந்துச்சு. அத்தைக்கும் எனக்கும் ஒரு நாள் முழுக்க மனஸ்தாபம். அவங்க பக்கத்தையும் சொல்லணும், அவங்க நாலு பிள்ளை வளத்தவங்க, அந்தக் காலத்துல கிராமத்துல டாக்டர் இல்லாம வயித்துப்போக்குல போன குழந்தைங்களக் கண்ணால பார்த்தவங்க, சோறு குடுத்தா இன்னும் போகும்னு பயம். பெரியவங்களுக்கு அஜீரணத்துல ஒரு வேளை பட்டினி சரியா இருக்கலாம். பத்து கிலோ கூட இல்லாத குழந்தைக்கு உடம்புல சேத்து வெச்சதே கொஞ்சம்தான், அதையும் காய்ச்சலும் வயித்துப்போக்கும் தின்னுட்டு இருக்கும்போது நாமளும் பட்டினி போட்டா எங்க போகும்? சாப்பாடு உள்ள போனாத்தான் குடலோட தோலே மறுபடி வளரும்னு டாக்டர் அடுத்த நாள் அத்தைகிட்டயே நேரா சொன்னாரு, "அம்மா, கஞ்சி வெச்சுக் குடுங்கம்மா, நீங்க வெக்கற கஞ்சிதான் இப்ப மருந்து"ன்னாரு. அதுக்கப்புறம் அத்தை அடுப்படிய முழுசா எடுத்துக்கிட்டாங்க.

அவங்க வெச்ச கஞ்சி இதுதான். புழுங்கலரிசி நொய் ரெண்டு பெரிய ஸ்பூன், பாசிப்பருப்பு ஒரு ஸ்பூன், ரெண்டையும் லேசா வாசம் வர வறுத்து, ஒன்னரை டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை சீரகம், துளி பெருங்காயம், உப்பு. குக்கர்ல குழைய விட்டு மத்தால கடைஞ்சு, எறக்கினதும் அரை ஸ்பூன் நெய். அந்த நெய் முக்கியம். நாம என்ன பண்றோம்னா உடம்பு சரியில்லன்னு கஞ்சிய தண்ணியாட்டம் வடிச்சு மேலாப்புல இருக்கறத மட்டும் குடுக்கறோம். அதுல தண்ணியும் கொஞ்சம் மாவுச்சத்தும்தான் இருக்கு, குழந்தைக்கு வயிறு ரொம்பும், உடம்புக்கு ஒன்னும் சேராது. ஸ்பூன சாய்ச்சா மெதுவா வழியணும், தண்ணியா ஓடக் கூடாது, அந்தப் பதம். நாலே ஸ்பூன் சாப்பிட்டாலும் அந்த நாலு ஸ்பூன்ல பருப்பும் நெய்யும் இருக்கட்டும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அந்த நாலு ஸ்பூன்.

அதுக்கு அடுத்து இட்லி. சூடா ஒரு இட்லிய பிச்சு, வெந்நீர் தெளிச்சு மசிச்சு, நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு. ரெண்டாவது நாள்ல இருந்து தயிர் சாதம், நல்லா பிசைஞ்சது, தாளிக்காம. மசிச்ச வாழைப்பழம், ஏலக்கியோ பூவனோ, வீட்ல இருக்கறது. கேரட் உருளைக்கிழங்கு வேகவெச்சு மசிச்சது. முட்டை சாப்பிடற வீடுன்னா நல்லா வெந்த முட்டைய மசிச்சு குடுக்கலாம். வாழைப்பழமும் ரொட்டியும் மட்டும்தான்னு ஒரு காலத்துல சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்ப அப்படியெல்லாம் இல்ல, குழந்தை வழக்கமா சாப்பிடறதே குடுங்கன்னுதான் சொல்றாங்க. வேண்டாதது ஜூஸ், சோடா, பிஸ்கட், டீ, காபி. டீயில பன்னு தொட்டுக் குடுக்கற பழக்கத்த இந்த நாள்லயாவது விட்டுடுங்க.

பால் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. தாய்ப்பால் குடிக்கற குழந்தைன்னா எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது, இன்னும் அடிக்கடி குடுக்கணும். எங்க பாப்பா எல்லாத்தையும் தட்டிவிட்ட அந்த முதல் ராத்திரியில தாய்ப்பால் மட்டும்தான் குடிச்சா. ஒன்னரை வயசு தாண்டியும் குடுக்கறியான்னு கேட்ட சொந்தக்காரங்க எல்லாரையும் அன்னிக்கு நெனச்சுக்கிட்டேன், நிறுத்தாம இருந்தது எவ்வளவு நல்லதாப்போச்சு. பசும்பாலும் பொதுவா நிறுத்த வேண்டியதில்ல, தண்ணி கலக்கவும் வேணாம். சில குழந்தைக்கு குடல் புண்ணாகி பால் குடிச்ச உடனே ஜாஸ்தியா போகும், அப்ப டாக்டர் கொஞ்ச நாள் பாலுக்குப் பதில் தயிர் குடுக்கச் சொல்லுவாரு. தயிர்ல அந்தப் பால் சர்க்கரை குறைவு.

காய்ச்சல் சளிக்கு வேற கதை. அங்க பசியே இருக்காது, மூக்கடைச்சுக்கிட்டு இருக்கும், ஒரே சமயத்துல மூச்சு விடவும் முழுங்கவும் முடியாம குழந்தை சாப்பாட்டப் பார்த்தாலே அழும். அப்ப போய் வாயத் திறந்து திணிக்கறது கொடுமை. மூக்குல உப்புத்தண்ணி சொட்டு ரெண்டு விட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊட்டிப் பாருங்க, நிஜமாவே வித்தியாசம் தெரியும். காய்ச்சல் மருந்து குடுத்து முக்கால் மணி நேரத்துல உடம்பு கொஞ்சம் தணிஞ்சு குழந்தை விளையாட ஆரம்பிக்கும் பாருங்க, அந்த நேரத்தத்தான் பிடிச்சுக்கணும், சாப்பாடு அப்ப தயாரா இருக்கணும். மிளகு கம்மியா போட்ட பருப்பு ரசம் சாதம், பருப்புத் தண்ணி, காய்கறி சூப்பு, ராகிக் கூழ். ரெண்டு நாள் சரியா சாப்பிடலன்னா பரவாயில்ல, தண்ணி மட்டும் குறையக் கூடாது, காய்ச்சல்ல உடம்பு சூட்டுலயும் வேகமா மூச்சு விடறதுலயுமே நிறைய தண்ணி போயிடுது.

தயிரும் வாழைப்பழமும் குடுத்தா சளி பிடிக்கும்னு நம்ம ஊர்ல சொல்லாத வீடு இல்ல. சளி வைரஸ்னாலதான் வருது, தயிர்னால வரல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில் தயிர் தொண்டைக்கு இதமா இல்லன்னா வெளிய வெச்சுக் குடுங்க, அவ்வளவுதான். குழந்தை அதத்தான் விரும்பிச் சாப்பிடுதுன்னா அதையும் புடுங்கிட்டு வெறும் ரசத்தக் குடுத்து என்ன பிரயோஜனம். இருமலுக்கு ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு ராத்திரியில அரை ஸ்பூன் தேன் குடுக்கலாம், ஒரு வயசுக்குக் கீழ தேன் ஒரு சொட்டு கூட வேண்டாம், நாக்குல தடவறதும் வேண்டாம், அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சக் குழந்தையோட குடல்ல வளந்து விஷமாகும். இருமல் சிரப் பத்தி 2025 அக்டோபர்ல மத்திய அரசே, ரெண்டு வயசுக்குக் கீழ எழுதவே கூடாது, அஞ்சு வயசுக்குக் கீழயும் பொதுவா வேண்டாம்னு சுற்றறிக்கை விட்டாங்க, போன தடவ மிச்சமிருந்த பாட்டில எடுத்து ஊத்தாதீங்க. வசம்பு உரசிக் குடுக்கறது, தொக்கம் எடுக்கறது, மாந்தம்னு சூடு வெக்கறது இதெல்லாம் இன்னும் நடக்குது. பெரியவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த விஷயத்துல நான் விட்டுக்குடுக்கறதே இல்ல.

ரெண்டரை வயசுல ப்ளே ஸ்கூல்ல சேத்த மூணாவது வாரம் கை கால் வாய் நோய் வந்துச்சு, 2022ல பேப்பர்ல தக்காளிக் காய்ச்சல்னு போட்டு எல்லாரையும் பயமுறுத்தினாங்களே, அந்த வகை. உள்ளங்கை, கால்ல சின்னச் சின்னக் கொப்புளம், வாய் முழுக்க புண்ணு. பசிக்குதுன்னு அழுவா, ஒரு வாய் வெச்சதும் எரியுதுன்னு அழுவா. அப்ப நம்ம சூடு கஞ்சி, ரசம் எல்லாம் எதிரி. உப்பு, புளிப்பு, காரம், சூடு நாலும் ஆகாது. புளிக்காத ஜில்லுனு தயிர் சாதம், ஃப்ரிட்ஜ்ல வெச்ச பால், இளநீர், மசிச்ச நுங்கு. ஐஸ்கிரீம் குடுக்கலாமான்னு தயங்கித் தயங்கி கேட்டேன், தாராளமா குடுங்க, மரத்துப்போய் வலி குறையும், கலோரியும் போகும்னாரு டாக்டர். அந்த அஞ்சு நாள் வெண்ணிலா ஐஸ்கிரீமும் தயிர் சாதமுமா ஓடுச்சு, ஆறாவது நாள் தோசை கேட்டா.

எனக்கு சின்ன வயசுல அம்மை போட்டப்ப அம்மா வாசல்ல வேப்பிலை சொருகி, வீட்ல தாளிக்கறதையே நிறுத்தி, இளநீர், மோர், கேப்பைக் கூழ், நுங்குன்னு குடுத்தது இப்ப ஞாபகம் வருது. வாய்க்குள்ள கொப்புளம் இருக்கற பிள்ளைக்கு ஜில்லுனு, காரமில்லாம, தண்ணியா குடுக்கற அந்த முறை எவ்வளவு சரியா இருந்திருக்கு பாருங்க. அதுல ஒன்னே ஒன்னு, பருப்பும் பயறும் சேராம பத்து நாள் ஓட்டினா சின்னக் குழந்தை ரொம்ப மெலிஞ்சிடும், கூழோட வேகவெச்ச பாசிப்பயறையும் மசிச்சு சேத்துக்கலாம், மாரியாத்தா ஒன்னும் சொல்லமாட்டா.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்ங்கறத தனியா மனசுல வெச்சுக்கோங்க. எட்டு மணி நேரமா ஒன்னுக்கே போகல, அழுதா கண்ணீர் வரல, கண்ணு உள்ள போயிடுச்சு, வயித்துத் தோலக் கிள்ளி விட்டா மெதுவா படியுது, எதக் குடுத்தாலும் மொத்தமா வாந்தி, மோஷன்ல ரத்தம், வாந்தி பச்சைக் கலர், எழுப்பினா கூட கண்ணத் திறக்காம துவண்டு கிடக்கு, வலிப்பு, இதுல ஒன்னு இருந்தாலும் ஸ்பூன் வைத்தியம் பார்த்துக்கிட்டு வீட்ல உக்காராதீங்க, போற வழியிலயும் ஸ்பூன்ல குடுத்துக்கிட்டே போங்க. துவண்டு கிடக்கற குழந்தைக்கும் வலிப்பு வந்த குழந்தைக்கும் பச்சையா வாந்தி எடுக்கற குழந்தைக்கும் மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க. சளி இருக்கற குழந்தைக்கு தூங்கும்போது சட்டையத் தூக்கி ஒரு நிமிஷம் முழுசா மூச்ச எண்ணிப் பாருங்க, ஒரு வயசுக்கு மேலன்னா 40, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ளன்னா 50, அதத் தொட்டுச்சுன்னா உடனே காட்டணும். 108 இருக்கு, கேட்டுத் தெரிஞ்சுக்க 104 இருக்கு. இன்னொன்னு, டயப்பர் போட்டிருந்தா தண்ணியா போனது ஒன்னுக்கா மோஷனான்னே தெரியாது. எங்களுக்கு அப்படித்தான் முதல் நாள் ஏமாந்துபோச்சு, ஈரமா இருக்கேன்னு நிம்மதியா இருந்துட்டோம். உடம்பு சரியில்லாத நாள்ல டயப்பர கழட்டிட்டு பழைய பருத்தி வேட்டித் துணிய மடிச்சு கட்டி விடுங்க, அப்ப நல்லா தெரியும்.

மோஷன் நின்ன அப்புறம்தான் அடுத்த வேலை ஆரம்பிக்குது, அத யாரும் சொல்றதில்ல. பாப்பா 10 கிலோ 400 இருந்தவ 9 கிலோ 700 ஆகிட்டா. பெரும்பாலும் தண்ணிதான், அது ரெண்டு நாள்ல திரும்பிடும், மிச்சம் சதை. குணமான அப்புறம் ரெண்டு வாரத்துக்கு தினமும் ஒரு வேளை கூடுதலா சாப்பாடு குடுக்கணும்னு சிஸ்டர் சொல்லி அனுப்பினாங்க. அந்தச் சமயத்துல குழந்தைக்கே அகோரப் பசி எடுக்கும், அத விட்டுடக் கூடாது. நாங்க சாயங்காலம் நாலரைக்கு ஒரு வேளை வெச்சோம், ஒரு நாள் நெய் விட்ட ராகிக் களி, ஒரு நாள் பொட்டுக்கடலை மாவுல வெல்லம் போட்ட உருண்டை கரைச்சது, ஒரு நாள் நேந்திரம்பழம் வேகவெச்சு நெய்ல பிரட்டினது. தினசரி காலண்டர் தாள கிழிக்கும்போது பின்பக்கம் ஜிங்குக்கு ஒரு டிக்கு, நாலரை மணிச் சாப்பாட்டுக்கு ஒரு டிக்குன்னு அத்தையே போட்டு, அந்தத் தாளையெல்லாம் ஒரு கிளிப்புல குத்தி வெச்சாங்க, எழுதப் படிக்க அவ்வளவா தெரியாதவங்க. பதினாலு தாளும் இருக்கு. மூணாவது வாரம் அங்கன்வாடியில எடை போட்டப்ப 10 கிலோ 350 காட்டுச்சு. அத்தை தராசு முள்ள ரெண்டு தடவ குனிஞ்சு பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி நொய் வறுக்க உக்காந்துட்டாங்க.